ஆறு மாதம் பதினேழு மாதமான கதை

காயத்ரி சிதம்பரத்துப் பெண். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவள். எதிரே நடந்து வந்தால் நாம்தான் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். 2008-இல் எங்கள் நிச்சயதார்த்தத்தில், தட்டு மாற்றுவதற்கு முன்பே, ராணுவ அதிகாரித் தேர்வில் தேறிவிட்டதாகவும் சென்னையில் பயிற்சி முடிந்த பிறகுதான் கல்யாணம் என்றும் சபையிலேயே சொல்லிவிட்டாள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசாங்க ஆபீசில் கோப்பு கட்டிக்கொண்டிருந்த எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போயிற்று.

பயிற்சி எத்தனை நாள் என்ற கேள்வி வந்ததும் என் தாய்மாமா ராஜமாணிக்கம் முந்திக்கொண்டார். மாமா ஓய்வு பெற்ற ஹவில்தார். கடலூர் மாவட்டத்துக்கே தாம்தான் ஜெனரல் என்று நினைப்பு. அவருடைய அப்பா உலகப்போருக்குப் போனபோது மூன்றே மாதம் பழக்கிக் கப்பலேற்றிவிட்டார்களாம். சீனாக்காரன் வந்த சமயத்தில் மாமாவை ஆறு மாதத்தில் பழக்கி மலைக்கு அனுப்பினார்களாம். பெண் அதிகாரிகளுக்கும் ஆறு மாதம்தான் என்று அடித்துச் சொன்னார். அவர் பேச்சை நம்பி சித்திரையில் முகூர்த்தம் குறித்தோம்.

மாமா சொன்னது பழைய கணக்கு. காயத்ரிக்கு வந்த கடிதத்தில் அக்டோபரில் தொடங்கி நாற்பத்தொன்பது வாரம் என்று இருந்தது. இப்போதெல்லாம் ஆண்களுக்கு எவ்வளவோ அவ்வளவே பெண்களுக்கும். மாமா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு இந்தக் காலத்தில் எதுவும் சீக்கிரம் ஏறுவதில்லை என்றார். தாம் தப்பாகச் சொன்னதாக ஒரு வார்த்தை வரவில்லை.

என் அம்மா கொளஞ்சியம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கல்யாணத்தை ஐப்பசிக்குத் தள்ளினார். அப்பா இறந்த பிறகு திட்டக்குடி நிலத்தைத் தனியாளாக நின்று பார்த்தவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

மறு வருஷம் ஏப்ரலில், முதுகில் மூட்டையோடு ஓடிய ஓர் ஓட்டத்தில் காயத்ரிக்குக் காலெலும்பில் விரிசல் விழுந்துவிட்டது. பல வாரம் தவறிப்போனால் அடுத்த குழுவோடு சேர்ந்து பாதிப் பயிற்சியைத் திரும்பச் செய்யவேண்டுமாம். எல்லாம் சேர்த்தால் பதினேழு மாதம்.

இரண்டு முறை தேதி மாற்றினால் ஊர் சிரிக்கும் என்றார் அம்மா. ஐப்பசிக்கு வந்தால் கல்யாணம், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்பது என்று முடிவு. அதைப் போனில் சொல்வது முறையில்லை, நேரில்தான் சொல்லவேண்டும் என்று என்னையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினார். எனக்கு வேறு இடம் வேண்டாம். ஆனால் அம்மாவை எதிர்த்துப் பேசத் தைரியம் வரவில்லை. காயத்ரி, நான் இருவரில் சிப்பாய் யார் என்பதில் எனக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் காலில் மாவுக்கட்டோடு இருந்தவள் எங்களைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். அம்மா தோளைப் பிடித்து உட்கார வைத்தார். இன்னும் எத்தனை மாதம் என்று நேராகக் கேட்டார்.

"பங்குனியில முடியும் அத்த. நாளு தள்ளிப்போறது ஒங்களுக்குக் கஷ்டம்னு தெரியும். அவருக்கு வேற பொண்ணு பாத்தாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா பாதியில எழுந்து வரமாட்டேன்."

சொல்லும்போது அவள் குரல் உடையவில்லை. அம்மா சொல்ல வந்ததைச் சொல்லப்போகிறார் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து மாவுக்கட்டின் மேல் கையை வைத்தார்.

"நான் கடலூர்ல டீச்சர் டிரெய்னிங் படிச்சேன். ரெண்டு வருஷப் படிப்பு. எட்டாம் மாசம், மாப்ள அமைஞ்சிடுச்சின்னு பாதியில கூட்டியாந்துட்டாங்க. வந்து கூட்டியாந்தது, இதோ நிக்கிறாரே, எங்கண்ணந்தான்."

இருபத்தேழு வருஷம் அம்மாவோடு வளர்ந்த எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீ முடிச்சிட்டு வா. பதினேழு மாசமோ இருவது மாசமோ, எவ்ளோ ஆவுதோ ஆவட்டும். நடுவுல எவன் வந்து கூப்புட்டாலும் எழுந்திரிக்காத" என்ற அம்மா, என்னை நோக்கிக் கையைக் காட்டினார். "இவன் கூப்புட்டாலும்."