எலும்பில் வந்த சிவப்பு

அப்பா பாயில் இருந்தார், இடது காலை நீட்டியபடி. அம்மா உப்புத்தண்ணீர்க் கோப்பையோடு பக்கத்தில். அக்காவின் கையில் வெள்ளைச் சீலையும் முள்ளெடுக்கிற சாமணமும். சின்னம்மா வாசலில், மற்றப் பக்கம் பார்த்தபடி. பிறகு நான். எனக்கு எட்டு வயது.

அது சண்டை நின்றிருந்த சமாதான காலம். ஸ்கந்தபுரத்தில் இருந்தோம். உழவு மெசின் இழுத்த பெட்டி புரண்டு, அப்பாவின் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தோலையும் சதையையும் வழித்துக்கொண்டு போயிருந்தது. எலும்பு முறியவில்லை. நாலு விரல் நீளத்துக்கு வெளியே தெரிந்தது. பலகையில் எழுதுகிற சோக்கட்டி நனைந்தால் வருகிற நிறம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் எலும்பின் மேற்பகுதியைச் சுரண்டிவிட்டு, பத்து நாளைக்கு ஈரச்சீலை சுற்றச் சொல்லியிருந்தார். உள்ளே உயிர் இருந்தால் சிவப்புத் தெரியுமாம். தெரியாவிட்டால் காலை முழங்காலோடு எடுக்க வேண்டும். எடுக்கிற கதையை எனக்கு அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

மற்றதை அப்பா சொன்னார். “எலும்பு கல்லில்லையாம். உள்ளுக்கை தலைமயிரிலும் மெல்லிய வழியள் கிடக்காம். ரத்தமும் நரம்பும் அதுக்குள்ளாலதான் போய் வருமாம்.”

“அப்ப ஏனப்பா உங்களுக்கு நோகேல்லை?” என்றாள் அக்கா.

“வழி காஞ்சு போச்சோ தெரியாது.” நகத்தால் எலும்பில் தட்டினார். டொக், டொக். “ஆரும் வீட்டிலை இருக்கிறியளோ?”

“உந்தக் கூத்தை விடுங்கோ அத்தான்,” என்றா சின்னம்மா.

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் விடியச் சீலையை அவிழ்த்தோம். வெள்ளை. ஏழு நாளும் வெள்ளை. எட்டாம் நாள் எலும்பின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. ஊசி முனையளவு. தோல் ஓரத்து ரத்தம் பட்டுவிட்டது என்று அம்மா துடைத்துவிட்டா.

வெறும் எலும்பு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, அதே இடத்தில் அது திரும்ப வந்தது. ஓட்டை ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. கல்லுப்போல் கிடந்ததுக்குள் இருந்து தானாக வந்தது. சின்னம்மா வாசலை விட்டுக் கிட்ட வந்து குந்தினா.

அக்கா சாமணத்தால் மெல்லத் தொட்டாள். அப்பா காலை இழுத்தார்.

“நோகுதடி.”

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதா. அப்பாவுக்கு நோகிறது என்றுதான் அழுகிறா என்று நினைத்தேன். அக்காவில் எனக்குக் கோபம் வந்தது.

பத்தாம் நாள், ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட முதல், அம்மா சீலையை அவிழ்த்து என்னைக் கூப்பிட்டா. எலும்பில் சிவப்புப் புள்ளிகள் கூடியிருந்தன.

“இதுகளை ஒருக்கா எண்ணு.”

எண்ணிச் சொன்னேன்.

“திரும்ப எண்ணு.”

எண்ணினேன். அம்மாவுக்கு எண்ணத் தெரியும். என்னை ஏன் கேட்கிறா என்று விளங்கவில்லை. நாலாம் முறை எனக்கு எரிச்சலாக இருந்தது.

“அதேதானம்மா.”

“வாயாலை சொல்லு.”

பதினொன்று.