முள் நகராத வரி

யுத்த காலம் அது. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியானபோது, நாங்களும் மயிலாப்பூர் வீட்டைப் பூட்டிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் போய்ச் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பினோம். எனக்குக் கல்யாணமாகி அப்போது அதிக நாளாகவில்லை. வண்டியில் சாமான் ஏற்றியவர்கள் கிராமபோன் பிளேட்டுகளை வாணலியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். வாணலியின் காது வழியெல்லாம் உரசிக்கொண்டே வந்ததில் ஒரு பிளேட்டில் சாய்வாகக் கீறல் விழுந்தது.

பிறந்த வீட்டில் என் பாட்டுப் பாடம் கீர்த்தனைக்குப் போகுமுன்பே வர்ணத்தோடு நின்றுவிட்டது. மீதியெல்லாம் புக்ககத்துப் பிளேட்டுகளிடம் படித்ததுதான். அவற்றில் எனக்கு உசத்தி மூன்று. ஒரு நாகஸ்வரம், மூச்சை எங்கே மிச்சம் பிடிப்பது என்று அதில் தெரிந்துகொண்டேன். ஒரு வீணை, ஒரு ஸ்வரத்தில் நிதானமாக நிற்கலாம், யாரும் துரத்தவில்லை என்று அதில் புரிந்தது. மூன்றாவது, ஒரு பெண்மணி பாடிய கீர்த்தனை. ஒரு எழுத்தைக்கூட விழுங்காமல் பாடுவார். கீறல் விழுந்தது அதில்தான். போயும் போயும் அதில்!

சரணத்தின் இரண்டாவது வரி முடிந்ததும் முள் கீறலில் வழுக்கிப் பின்னுக்குப் போகும். அதே வரி மறுபடி வரும், மறுபடியும் வரும். பிளேட்டை வைத்துவிட்டு நான் ஆட்டுரலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். இரண்டு கையிலும் மாவு. மாமியார்தான் அடுப்படியிலிருந்து வர வேண்டும்.

"கர்மம், சொன்னதையே சொல்லிண்டிருக்கு! எனக்கு இதான் வேலையா?" என்று சொல்லிக்கொண்டே முள்ளைத் தூக்கி அந்தண்டை வைப்பார். டொக்கென்று ஒரு சத்தம் கேட்கும். பாட்டு மேலே போகும்.

அவர் வரும்வரை நான் சும்மா இருப்பேனா? அந்த அம்மாள் அதே வரியை அதே மாதிரி பாட, நான் ஒரு தடவை மேலே போய்ப் பாடுவேன், ஒரு தடவை கீழே இறங்குவேன், ஒரு தடவை வார்த்தைகளைத் தள்ளித் தள்ளிப் போடுவேன். மாவு ஆட்டும் அலுப்புக்கு அது ஒரு விளையாட்டு.

என் கணவர் எனக்குத் தெரியாமலே ரேடியோ நிலையத்துக்கு எழுதிப்போட்டிருந்தார். குரல் தேர்வுக்கு வரச்சொல்லிப் பதில் வந்துவிட்டது. வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை. கடைசியில் மாமனார் தீர்ப்புச் சொன்னார். "ஒரே ஒரு தரம் போயிட்டு வரட்டும். எடுத்துண்டா பாடட்டும். இல்லேன்னா இந்த ஆத்துல பாட்டுப் பேச்சே கூடாது."

டிராமில் ரேடியோ நிலையத்துக்குப் போனேன். எனக்கு நன்றாகத் தெரிந்த கீர்த்தனை அந்தக் கீறல் பிளேட்டில் இருந்ததுதான் என்பதால் அதையே பாடினேன். பல்லவி, அனுபல்லவி நன்றாகவே போயின. சரணத்தின் இரண்டாவது வரி முடிந்தது; நாக்கு பின்னுக்குப் போய்விட்டது. அடுத்த வரி எனக்குத் தெரியும். ஆனால் வரவில்லை. அதே வரியை மேலே பாடினேன், கீழே பாடினேன், வார்த்தைகளைத் தள்ளிப் போட்டேன். தாளத்தை மட்டும் விடாமல் தொடையில் போட்டுக்கொண்டிருந்தேன். முள்ளைத் தூக்கி வைக்க இங்கே யார் இருக்கிறார்கள்? தொலைந்தோம் என்றே நினைத்தேன்.

மிருதங்கக்காரர் நான் வேண்டுமென்றே செய்கிறேன் என்று நினைத்து உற்சாகமாகிவிட்டார். முத்தாய்ப்பாக ஒரு தீர்மானம் வாசித்துக் கடைசி அடியை ஓங்கிப் போட்டார். டொக்! அடுத்த வரி தானாக வந்தது.

வெளியே வந்ததும் தேர்வாளர்களில் பெரியவர் கூப்பிட்டார்.

"அந்த வரியில நிரவல் பண்ணினேளே, அது யார்கிட்டம்மா பாடம்?"

ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவதை நிரவல் என்பார்கள். நான் செய்ததற்கு அந்தப் பேர் பொருந்தும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

"பிளேட்டுதான் மாமா."

"அந்தப் பிளேட் எங்காத்துலயும் இருக்கு. அதுல நிரவலே கிடையாதே?"

"எங்காத்துதுல கீறல் இருக்கு" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் எட்டிப்பார்த்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நாளில் நேரே ஒலிபரப்புத்தான். அதே கீர்த்தனையை நான் அங்கே பாட, மாமியார் எதிர்வீட்டு ரேடியோவின் முன் உட்கார்ந்து கேட்டாராம். அந்த வரி மூன்றாம் தடவை வந்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து கையை நீட்டிக்கொண்டு ரேடியோ வரை போய்விட்டாராம். எல்லோரும் சிரிக்க, அப்படியே நின்று மீதியைக் கேட்டாராம். இதை என் கணவர்தான் சொன்னார். மாமியார் என்னிடம் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் மாவு ஆட்டும்போது பிளேட்டு வழக்கமான இடத்தில் சிக்கியது. அடுப்படியிலிருந்து அவர் வரவில்லை. நான் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தேன். கிராமபோனுக்குக் கொடுத்த சாவி தீர்ந்து அந்த அம்மாளின் குரல் இழுத்துக்கொண்டு போகத் தொடங்கியபோது எட்டிப்பார்த்தேன். கரண்டியோடு நிலைப்படியில் நின்றிருந்தார்.

"நீ பாடி முடி. அப்பறம் நகத்தறேன்" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ மேடை ஏறியாயிற்று. அந்த வரிக்கு வரும்போதெல்லாம், அடுப்பில் இருப்பதை விட்டுவிட்டு ஒருவர் எனக்காகக் காத்து நிற்பது நினைவுக்கு வருகிறது, அவசரப்படாமல் பாடுகிறேன்.