பச்சைத் தாழ்ப்பாள்

சித்தி உட்கார்ந்து நான் பார்த்தது தையல் இயந்திரத்தின் முன்னால் மட்டும்தான். அங்கேயும் கால் சும்மா இருக்காது. தார்ப்பாய்க் கடையில் வேலை. லாரிகளுக்கான கனத்த தார்ப்பாய்களை மடித்து ஓரம் அடிப்பாள். மூலைக்கு மூலை கயிறு கோக்கிற வளையங்களைப் பதிப்பாள். கடை மூடியிருக்கும் நாட்களில் துணியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவாள். வீட்டிலிருந்த இயந்திரத்தின் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும்.

தெருவில் அவள் பெயர் 'அவசரம்'. வைத்தவர் எதிர்வீட்டு டிரைவர் மாமா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். அவருடைய நடை இரண்டாம் கியரைத் தாண்டியதில்லை.

"ஏம்மா அவசரம், நீ பத்து மாசம் எப்படித்தான் வயித்துக்குள்ள பொறுமையா இருந்தே?"

"எங்கம்மா உங்க பஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போகலை. போயிருந்தா இன்னும் பொறந்திருக்க மாட்டேன்ணே."

அந்த அவசரத்தில் பயம் கலந்தது வாய்க்கால் உடைந்த வருஷத்தில். தெரு வாய்க்காலைவிடத் தாழ்வு. விடிந்து கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்தது. கோடிவீட்டு அச்சகக்காரருக்கு ஒரு கால் சரியாக வராது. கதவை உள்ளே தாழிட்டிருந்தார். சித்தியும் டிரைவர் மாமாவும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கூப்பிடவில்லை.

சேறு காய்வதற்குள் சித்தி திருப்புளியோடு கிளம்பிவிட்டாள். வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் கூடாது. இரண்டு பக்கமும் திறக்கிற சாவிப் பூட்டு போதும். மறுசாவி எதிர்வீட்டு ஆணியில் தொங்க வேண்டும். இதைச் சொல்லிக்கொண்டே வீடு வீடாகக் கழற்றினாள். திருடன் வருவான் என்றார்கள். "வந்தா அவனையும் சேர்த்துக் காப்பாத்தலாம்" என்றாள். புதிதாகக் குடிவந்த பெண் கதவை மறித்து நின்றாள்.

"கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஆகலைக்கா. தாழ்ப்பாள் இல்லாம எப்படி?"

"படுக்கிற ரூமுக்கு ரெண்டாப் போட்டுக்க. வாசலுக்கு வேண்டாம்."

கழற்றியதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். டிரைவர் மாமாவின் தாழ்ப்பாளில் மட்டும் கதவுக்கு அடித்த பச்சைப் பெயிண்ட் அப்பியிருந்தது.

அடுத்த முறை வாய்க்கால் பொங்கியபோது எதிர்வீட்டை எதிர்வீடு திறந்தது. எல்லோரும் மாவு மில் மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். எல்லோரும் என்றால் எல்லோரும். சித்தி அங்கேயும் உட்காரவில்லை. முகங்களைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்தாளாம்.

பிறகு தொற்றுக் காய்ச்சல் வந்தது. தண்ணீருக்குக் கதவைத் திறக்கப் பழகிய தெரு இதற்குச் சாத்திக்கொண்டது. சிலர் மறுசாவியைச் சோப்புத் தண்ணீரில் முக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். டிரைவர் மாமா படுத்தபோது, சித்தி வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, ஆணியில் இருந்த சாவியை எடுத்துத் திறந்து உள்ளே போனாள். வெந்நீர் வைத்தாள், மாத்திரை கொடுத்தாள், சும்மா படுத்திருந்ததற்குத் திட்டினாள். அவர் தேறினார். ஆனால் வாசற்படி ஏறினாலே மூச்சு வாங்கியது.

ஒரு காலை சித்தி வீட்டில் இயந்திரச் சத்தம் இல்லை. அவர் சாவியை எடுத்துக்கொண்டு போனார். சாவி திரும்பியது. கதவு நகரவில்லை.

"தாழ்ப்பாள் போட்டிருக்கேண்ணே" என்றாள் உள்ளேயிருந்து.

"உன் வீட்லயா?"

"எனக்கும் வந்திருச்சு. உங்க நெஞ்சு இன்னொரு தடவை தாங்காது. போங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

சாயங்காலமும் போய்க் கேட்டார். நல்லாத்தான் இருக்கேன் என்றாள். வெளியூரிலிருந்த என்னிடமும் போனில் அதையேதான் சொன்னாள், கூடவே, நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று விசாரித்தாள். எல்லோரும் நம்பினோம்.

மறுநாள் காலை குரல் இல்லை. டிரைவர் மாமா தச்சரைக் கூட்டிவந்து, ஜாக்கிக் கம்பியால் கதவை நெம்பினார். பலகை பிளந்தது. இயந்திரத்தின் பக்கத்தில், தைத்து முடிக்காத தார்ப்பாயின் மேல் அவள் கிடந்தாள். கண் திறந்திருந்தது.

"கதவை ஏண்ணே ஒடச்சீங்க?" என்று கேட்டாளாம்.

ஆம்புலன்ஸ் போன பிறகுதான் அவர் தரையைப் பார்த்தார். திருகாணிகளோடு பிய்ந்து விழுந்திருந்தது தாழ்ப்பாள். பச்சைப் பெயிண்ட். டப்பாவில் கை விட்டு, அகப்பட்டதை எடுத்துத் தன் கதவில் பொருத்தியிருக்கிறாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குள் யாரையும் விடவில்லை. ஒரு நர்சின் போனிலிருந்து சித்தி என்னைக் கூப்பிட்டாள். "வீடு திறந்து கெடக்குடி. யாராவது போய்ப் பாருங்க." வேறு எதுவும் பேசவில்லை. அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு டிரைவர் மாமாவைத் தெருவால் பிடித்து நிறுத்த முடியவில்லை. டப்பாவிலிருந்த தாழ்ப்பாள்களைப் பழைய இரும்புக் கடையில் கொட்டினார். தச்சரோடு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வாசல் கதவிலும் கண் மட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம் அறுத்துக் கண்ணாடி பதித்தார்கள். தினமும் காலையில் எதிர்வீட்டார் தட்டுவார்கள்.

"வாயால சொன்னா செல்லாது. மூஞ்சியக் காட்டணும்" என்பது அவர் போட்ட சட்டம். "காய்ச்சல்னாலும் உள்ள வராமலே பாத்துக்கலாம்ல?"

"நான் குளிச்சிட்டிருந்தா?" என்று கேட்டாள், அன்று சித்தியிடம் கதவை மறித்து நின்ற பெண். அவள் இப்போது புதுப்பெண் இல்லை.

"குளிச்சிட்டு வந்து காட்டு. வெளிய நிக்கிறது யாரு, உன் மாமியாரா?"

அவர் மூச்சு வாங்கச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வீட்டுப் படியில் நின்றிருப்பாராம். 'அவசரம்' என்ற பெயர் எதிர்வீட்டுக்கே குடிபோய்விட்டது என்று தெருவில் பேச்சு.

வீட்டைக் காலி செய்ய நான் வந்தேன். பிளந்த பலகை இருந்த இடத்தில் புதுப் பலகை, அதில் கண்ணாடி. சித்தியின் செருப்பு, ஊசி டப்பா, மடித்து வைத்த தார்ப்பாய். எதைத் தொட்டாலும் கை அப்படியே நின்றுவிட்டது. எழுந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன்.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது.

"நல்லாத்தான் இருக்கேன் மாமா" என்றேன், படுத்தபடியே.

மறுபடி தட்டினார். முகம் கழுவாமல் எழுந்து போனேன். அவர் மூச்சில் கண்ணாடி மங்கியிருந்தது. சட்டைக் கையால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்ப சாப்பிட்டே?"

"சாப்பிட்டேன் மாமா. நீங்க போங்க, நான் நல்லாத்தான்…"

சொல்லி முடிப்பதற்குள் பூட்டில் சாவி திரும்பிவிட்டது.