கடைசி வரிசையில் அடித்த மணி

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. சுரபாயாவில் என் பக்கத்து வீட்டில் இருக்கும் வெனிங்குக்கு நடந்தது. பேய்க்குப் பயந்ததைவிட, அன்று தான் நடந்துகொண்ட விதத்தை நினைத்துத்தான் அவள் இன்றும் தலைகுனிகிறாள்.

தொற்றுக் காய்ச்சல் பரவிய வருடம் அது. வெனிங் விமானத்தில் தலைமைப் பணிப்பெண். உம்ரா புனிதப் பயணம் முடித்தவர்களை ஜித்தாவிலிருந்து சுரபாயாவுக்கு ஏற்றிவரும் விமானம். பாதிப் பேர் இருமிக்கொண்டேதான் ஏறுவார்கள். காய்ச்சல்காரரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, ஒரே ஒரு பணிப்பெண் கவனிக்க வேண்டும். அவளுக்கென்று தடித்த, நல்ல மாஸ்க்குகள் கொடுத்திருந்தார்கள்.

அந்த வேலையை வெனிங், புதிதாகச் சேர்ந்த லாரஸின் தலையில் கட்டினாள். தடித்த மாஸ்க்குகளைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். லாரஸ் கையில் கொடுத்தது மெல்லிய நீல மாஸ்க்.

"தடிச்சது இல்லையா அக்கா?"

"தீந்துபோச்சு. இதையே ரெண்டா போட்டுக்க."

"என் சப்பை மூக்குக்கு எதைப் போட்டாலும் வழுக்கத்தான் போகுது," என்று சிரித்துக்கொண்டே லாரஸ் பின்னால் போனாள்.

சில நாட்களில் அவள் காய்ச்சலில் படுத்தாள். அடுத்த பயணத்துக்கு வரவில்லை. அவளுக்குப் பதில் ஆளும் வரவில்லை. கடைசி வரிசை வெனிங்கின் பொறுப்பானது.

அங்கே காஸ்டி என்ற பெரியவர். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. விடிந்து வெயில் ஏறியிருந்தது. ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டு எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

டிங்...

கடைசி வரிசை விளக்கு எரிந்தது. வெனிங் முன்பக்க இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தாள். வீட்டில் கைக்குழந்தை. கால் எழவில்லை.

டிங்... டிங்...

விளக்கு தானாக அணைந்தது.

மனசு கேட்காமல் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். காஸ்டியின் கையில் ஏற்கெனவே வெந்நீர். கழுத்துவரை போர்வை.

"யாரு குடுத்தாங்க ஐயா?"

"அந்தப் பொண்ணுதாம்மா. ரெண்டு மாஸ்க் போட்டிருக்கே, அது."

வெனிங் திரும்பிப் பார்த்தாள். மற்ற பணிப்பெண்கள் எல்லாரும் முன்னால்தான் இருந்தார்கள். அவர்களில் யாரும் இரண்டு மாஸ்க் போடவில்லை.

முன்னால் வந்து உட்கார்ந்தாள். இன்டர்காம் ஒலித்தது. பின்பக்கத்திலிருந்து.

எடுத்தாள். வறட்டு இருமல்...

"அக்கா..."

"யாரு?"

"கிட்ட வராதீங்க அக்கா. நான் பாத்துக்கறேன்."

பின்னால் திரைச்சீலை மூடியிருந்தது. அடியில் இரண்டு கறுப்புக் காலணிகள்.

ஓடிப்போய்த் திரையை இழுத்தாள்.

யாருமில்லை.

ரிசீவர் மட்டும் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது...

தரையிறங்கும்வரை அவள் மறுபடி பின்னால் போகவில்லை.

மணி அடித்தது.

யாரோ போனார்கள்.

வெனிங் எழுந்திருக்கவில்லை.

இறங்கியதும் செய்தி வந்தது. லாரஸ் இறந்துவிட்டாள்.

துக்கம் கேட்கப் போனபோது லாரஸின் அம்மா தார்மி, வெனிங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல மாஸ்க் எல்லாம் அவளுக்கே குடுத்துடுவீங்களாமே. அடிக்கடி சொல்லுவா."

உண்மையைச் சொல்ல வெனிங் வாயைத் திறந்தாள். "எப்பம்மா போனா?" என்றுதான் வந்தது.

"இங்க மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லிக்கிட்டிருந்தாங்க."

விமானம் அப்போது கடலுக்கு மேலே இருந்தது.

"கடைசியில ஏதோ உளறினா," என்றாள் தார்மி. "'பின்னாடி மணி அடிக்குதும்மா. அக்கா பயந்துபோய் உக்காந்திருக்காங்க... நான் போறேன்'னா."