வீராசாமி விழுந்த இடம்

சித்தூர் பக்கத்துக் குடிபாலா ஊர்க்காரி கன்னிகாவுக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவுவதுதான் தொழில். திருப்பதி லாட்ஜுகளின் மொட்டைமாடித் தொட்டிகளையும் தரைக்கடியில் இருக்கும் சம்புகளையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறைத்து, பாசி சுரண்டி, குளோரின் போட்டுக் கழுவித் தர வேண்டும். பத்து வருடம் அவளே கூலிக்கு இறங்கிச் சுரண்டியவள். பிறகு ஆறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு பராமரிப்புக் கம்பெனியிடமிருந்து பதினான்கு லாட்ஜுகளைத் தன் பெயரில் ஒப்பந்தத்துக்கு எடுத்தாள். அவள் புருஷன் முனுசாமிக்குக் குத்தகை நிலமும் இரண்டு மாடுகளும் போதும். திருப்பதிப் பக்கம் வர மாட்டான்.

கம்பெனி ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டுதான் பணம் போடும். அது கம்பெனிக்காரன் கமிஷன் என்றே கன்னிகா நினைத்திருந்தாள். அது வரி என்றும், தன் பேன் நம்பரில் போய்ச் சேர்கிறது என்றும், வருமான வரி நோட்டீஸ் வந்த அன்றுதான் தெரிந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய கணக்கு. பதினெட்டு லட்சத்து நாற்பதாயிரம் வாங்கியிருக்கிறீர்கள், கணக்கு ஏன் தாக்கல் செய்யவில்லை என்று கேட்டிருந்தார்கள்.

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வரிக் கணக்கு பார்க்கும் சபீனாவிடம் போனாள். சபீனா காகிதத்தைப் படித்துவிட்டு, "அந்த வருஷமே தாக்கல் பண்ணியிருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும்க்கா. இப்ப செலவுக்கு ஆதாரம் காட்டணும். காட்டாட்டி பதினெட்டு லட்சமும் உங்க வருமானம்னு எழுதிடுவாங்க. வரியே நாலு லட்சத்துக்கிட்ட வரும்" என்றாள்.

"இன்னாம்மா சொல்ற? கூலி, வண்டி, டீசல், மருந்து எல்லாம் போக என் கைல நின்னது நாலு காசு."

"அந்தக் கூலிக்கு இன்னா எழுதி வெச்சிருக்கீங்க?"

ஒன்றுமே எழுதி வைக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வேனிலேயே ஆளுக்கு ஆள் கையில் கொடுத்துவிடுவாள். வாங்கியவர்களும் எண்ணிப் பார்க்காமல் மடித்துக்கொள்வார்கள்.

போன்தான் காப்பாற்றியது. கழுவுவதற்கு முன்னாலும் பின்னாலும் தொட்டியைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்பது கம்பெனி விதி. கன்னிகா எடுத்த படங்களில் தொட்டி மட்டுமில்லை, ஆட்களும் நின்றார்கள். தேதியோடு ஆயிரத்துக்கு மேல் படங்கள். சபீனா நான்கு நாள் உட்கார்ந்து, எந்தத் தேதியில் எத்தனை பேர் என்று பட்டியல் போட்டாள். கூலி வாங்கியதாக ஆட்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். வேன் வாடகைக்குப் போன்பே பதிவு இருந்தது. குளோரின் கடைக்காரர் பழைய பில் புத்தகத்தைத் தூசு தட்டி நகல் கொடுத்தார். கன்னிகா ஆர்வத்தில் மகளின் காலேஜ் பீஸ் ரசீதையும் சேர்த்து நீட்டினாள். "இது தொழில் செலவு இல்லக்கா" என்று சபீனா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எல்லாம் கழித்தும் வருமானம் ஐந்து லட்சத்து நாலாயிரத்தில் வந்து நின்றது.

"அஞ்சுக்குக் கீழ வந்தா வரியே இல்ல. வேற எதுனா செலவு விட்டுப்போச்சா, யோசிங்க."

கன்னிகா யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்பதுதான் யோசனை. வாசலில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள். "அந்த வருஷம் ஆஸ்பத்திரி செலவு ஒண்ணு கீது. அறுபத்திரெண்டாயிரம். எங்கிட்ட வேலை செஞ்ச வீராசாமி அண்ணாவுக்கு."

அலிபிரிக்குப் போகும் வழியில் ஒரு லாட்ஜ். அதன் சம்பில் இறங்கும்போது ஏணி வழுக்கி வீராசாமி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. கம்பெனி சூப்பர்வைசர் ஹரிபிரசாத் ஓடி வந்து, "சைட்ல நடந்துச்சுன்னு பேர் வந்தா கான்ட்ராக்ட் போயிடும்மா, உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்" என்றான். வீட்டு மாடிப்படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது கன்னிகாதான். செலவு முழுவதையும் அவளே கட்டினாள். வீராசாமியும் சரி என்றார். மேஸ்திரியம்மாவுக்கு வேலை இருந்தால்தானே தனக்கும் வேலை என்று அப்போது அவர் நினைத்தார். அதற்குப் பிறகு அவரால் ஏணி ஏற முடியவில்லை.

சபீனா பேனாவைக் கீழே வைத்தாள். "வேலையில அடிபட்டதுன்னா தொழில் செலவு. மாடிப்படியில விழுந்ததுன்னா நீங்க பண்ண உதவி. கணக்குல வராது. அவரும் நீங்களும் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். வேணாம்னா விட்டுடலாம்க்கா. வட்டியோட இருபதாயிரம் போல கட்டுவீங்க, அவ்ளோதான்."

"எழுதிக் குடுத்தா?"

"கையெழுத்து போட்ட காகிதம். நாளைக்கு அவங்க அதை வெச்சு நஷ்ட ஈடு கேட்டா இல்லன்னு சொல்ல முடியாது."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கன்னிகா வந்துவிட்டாள். இருபதாயிரம் பெரிய தொகைதான், ஆனால் கட்ட முடியாத தொகை இல்லை. இரண்டு நாள் வேலைக்குப் போய், ஆட்கள் சம்பில் ஏணி வைத்து இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் சபீனாவுக்குப் போன் செய்து, நடந்ததைத் தெலுங்கில் எழுதி வைக்கச் சொன்னாள்.

வீராசாமி வீடு ஏர்பேட்டுக்கு உள்ளே, வயல்களைத் தாண்டி. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து விட்டபோது போனவள்தான். அதற்குப் பிறகு பொங்கலுக்குப் பொங்கல் பணம் அனுப்பியதோடு சரி. வீராசாமி கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பத்மினி நாற்று நடவிலிருந்து அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"வா மேஸ்திரிம்மா, சோறு துன்னுட்டியா?" என்றார் வீராசாமி.

கன்னிகா வந்த காரியத்தைச் சொல்லிக் காகிதத்தை நீட்டினாள். வீராசாமி பேனாவுக்குக் கை நீட்டினார். பத்மினி காகிதத்தை வாங்கிக்கொண்டாள். தெலுங்கில் பத்தாவது வரை படித்தவள். வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்து, 'வேலை செய்துகொண்டிருக்கும்போது' என்ற இடத்தில் நின்றாள்.

"இப்பத்தான் இது ஞாபகம் வந்துச்சாக்கா?"

கன்னிகா நீட்டிய பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"மூணு வருஷமா மாடிப்படி, மாடிப்படின்னு சொல்லிக்கினு கீறோம். பென்ஷன் ஆபீசுல கேட்டான், மாடிப்படின்னு சொன்னோம். என் நாத்தனார் கேட்டா, அதையே சொன்னோம். எங்க வீட்டைப் பாருக்கா. மாடி கீதா?"

ஓட்டு வீடு. வாசலில் ஒற்றைக் கல் படி.

"விடு பத்மினி" என்றார் வீராசாமி.

"நீ சும்மா இரு. வரி கட்டணும்னு வந்ததும் உண்மை வேணும்னு வந்துட்டாங்க."

"ஆமாம்மா, வரிக்காகத்தான் வந்தேன்" என்றாள் கன்னிகா. "அது இல்லாட்டி வந்திருக்க மாட்டேன். எழுதிக் குடுத்ததும் நான்தான், பொய்யும் என்துதான். கையெழுத்து போட்டா போடுங்க, போடாட்டியும் கோவம் இல்ல. ஆனா போட்டீங்கன்னா இதுல ஒரு நகல் உங்ககிட்ட இருக்கணும். அது எதுக்கு ஆவும்னு சபீனாகிட்ட கேட்டுக்கினுதான் வந்தேன்."

பத்மினி அவளையே பார்த்தாள். "எதுக்கு ஆவும்?"

கன்னிகா சொன்னாள். தொழிலாளர் ஆபீஸ் எங்கே இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும், தன் மேலும் கம்பெனி மேலும் எப்படி மனு எழுத வேண்டும் என்பது வரைக்கும் சொன்னாள்.

பத்மினி முதலில் நகல் எடுத்து வரச் சொன்னாள். கன்னிகா ஏர்பேடு கடைத்தெருவுக்குப் போய் இரண்டு நகல் எடுத்துத் திரும்பிய பிறகுதான் வீராசாமி கையெழுத்துப் போட்டார். மூன்றிலும் போட்டார், கன்னிகாவும் போட்டாள்.

வரி ஆபீஸிலிருந்து உத்தரவு வர ஐந்து மாதம் ஆனது. கூலியில் நாற்பதாயிரத்தை ஆதாரம் போதாது என்று ஏற்கவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை ஏற்றுக்கொண்டார்கள். கணக்கு ஐந்து லட்சத்துக்குக் கீழே நின்றது, வரி இல்லை.

அதற்குள் பத்மினி மனு கொடுத்திருந்தாள். ஹரிபிரசாத் போனில் கத்தினான். "யாரு காகிதம் குடுத்தது? உன் கையெழுத்து இருக்கும்மா அதுல!" "நான்தான் போட்டேன் சார்" என்றாள் கன்னிகா. கம்பெனி வழக்கை இழுக்க விரும்பவில்லை. பேச்சுவார்த்தையில் அவர்கள் இரண்டு லட்சமும் கன்னிகா எழுபதாயிரமும் கொடுப்பதென்று முடிந்தது. கன்னிகா தன் பங்கைக் கட்ட ஒரு மாட்டை விற்க வேண்டியிருந்தது. முனுசாமி ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அடுத்த மாதமே கம்பெனி அவள் ஒப்பந்தத்தை முடித்துவிட்டது.

பதினான்கு லாட்ஜுக்கும் அவளே நேரில் போய்க் கேட்டாள். ஐந்து லாட்ஜ் மேனேஜர்கள், கம்பெனி வழியாக வந்தாலும் கழுவியது இவள் ஆட்கள்தானே என்று வேலையை நேராகக் கொடுத்தார்கள். மற்றவர்கள் தலையாட்டி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவளிடம் மூன்று ஆட்கள்தான். மூன்று பேருக்கும் விபத்து இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறாள். சம்பில் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு இல்லாமல் இறங்கக் கூடாது.

வீராசாமி வந்த பணத்தில் பத்து ஆடு வாங்கினார். மேய்ப்பது பத்மினி. போன பொங்கலுக்குக் கன்னிகா பணம் அனுப்பியபோது பத்மினி அதைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கூடவே ஒரு செய்தியும் வந்தது: 'பணம் வேணாம்க்கா. வந்தா வீட்டுக்கு வந்துட்டுப் போ.'

கன்னிகா இன்னும் போகவில்லை.