கூட்டம் கலைந்த பிறகு

ஜைனம்பு அக்கா போய்விட்டார். சென்னையில், மண்ணடி மெஸ்ஸில், நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது தென்காசியிலிருந்து அவர் மகன் அழைத்தான். "காலைல உம்மா மௌத்தாயிட்டாவ, சித்தி. நெஞ்சுவலி." நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

நம் அலுவலகத்தில் அவரோடு கணக்குப் பார்த்த உங்களுக்கெல்லாம் அவருடைய மதியச் சாப்பாடு தெரியும். சின்னச் சம்பளத்தில் நாக்குக்குக் குறை வைக்காமல் வாழ்ந்த மனுஷி. ஒரு மணிக்கு எல்லோரும் மெஸ்ஸுக்கு ஓடும்போது, போனைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி என்னையும் பிடித்து உட்கார வைத்துவிடுவார். எனக்கு வயிற்றைக் கிள்ளும். "கூட்டத்துல போடுதது சோறு. கூட்டம் கலைஞ்ச பெறவு போடுததுதான்ட்டி சாப்பாடு" என்பார்.

ஒருநாள் நாங்கள் போனபோது பொரித்த மீன் தீர்ந்திருந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அக்கா வழக்கம்போல அடுப்படி வாசலுக்கு எதிரே உட்கார்ந்து, பரிமாறுகிறவரிடம், "ஒங்களுக்குன்னு என்ன வச்சிருக்கீங்க, அண்ணாச்சி?" என்று கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே, தாங்கள் சாப்பிட அரைத்த பூண்டுத் துவையலையும் சட்டியின் அடியில் கெட்டியாகக் கிடந்த மீன்குழம்பையும் கொண்டுவந்தார். வெட்கமில்லாமல் மறுசோறு வாங்கினேன்.

ஓய்வுபெற்று ஊருக்குப் போன பிறகும் போனில் சாப்பாட்டுப் பேச்சுதான். "புளியறையில லாரிக்காரங்க சாப்பிடுத கடை ஒண்ணு இருக்கு. ஒன்னக் கூட்டிட்டுப் போகணும்ட்டி." இந்த ஆடியில் கிளம்புகிறேன் என்றேன். அவரே தடுத்தார். "குத்தாலத்துல சீசன். வீடு நெறய விருந்தாளி. கூட்டம் கலையட்டும். நாம ரெண்டு பேரும் நிம்மதியா உக்காந்து சாப்பிடுவோம்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அத்தனை வருஷமும் அப்படித்தானே சாப்பிட்டோம். சாரல் நின்றது, விருந்தாளிகளும் போனார்கள். நான் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். நினைக்க நினைக்க மனசு ஆறவில்லை.

ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் அவர் மகனைக் கூட்டிக்கொண்டு அந்தப் புளியறைக் கடைக்குப் போனேன். நடுமதியம், உள்ளே இடமில்லை. "கொஞ்சம் பொறுத்து வருவோமா, சித்தி?" என்றான். வேண்டாம் என்று சொல்லி, சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். இடம் கிடைத்தது. பரோட்டாவைப் போட்டு, கோழிச் சால்னாவை ஊற்றிவிட்டு, பரிமாறுகிறவர் ஓடிப்போனார்.

அடுப்படி வாசலுக்கு எதிரே உட்காருகிற பழக்கம் என்னோடு இருக்கும். காத்திருக்கிற பழக்கம் இனி வேண்டாம்.

அந்தக் கூட்டத்திலும் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது, அக்கா.