மணமில்லாத தண்ணீர்

மகளை நீச்சல் பழக விட்டுவிட்டுத் தடாகக் கரையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தால், அந்தக் குளோரின் மணத்தில் எனக்கு இப்போதும் தாகம் எடுக்கிறது.

போரில் இடம்பெயர்ந்திருந்த முகாமில் தண்ணீர் பவுசர் வரும்வரை வெயிலில் வரிசையாய்க் கிடந்த பிளாஸ்ரிக் கான்களும், மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த மணமும்தான் நான் அறிந்த தண்ணீர். இலுப்பைக்கடவைக்கு மீளக்குடியேறியபோது எனக்கு ஏழு வயது. கூரையில்லாத வீட்டை அப்படியே விட்டுவிட்டு, அம்மா முதலில் கிணற்றைத்தான் பார்த்தார். மூன்று நாள் இறைத்து, சேறள்ளி, தகரமும் முள்ளுக்கம்பியும் எடுத்து, தெளிந்து ஊறிய தண்ணீரின் முதல் செம்பை, அதற்காக வருடக்கணக்காய் ஏங்கிய தன் வாய்க்குக் கொண்டுபோகாமல் எனக்கு நீட்டினார்.

மணந்து பார்த்துவிட்டுத் தள்ளினேன். "இது கூடாத தண்ணியம்மா. மணக்கேல்லை."

அம்மா களைத்துப்போய்க் கிணற்றுக்கட்டில் கொஞ்சநேரம் இருந்தார். பிறகு எழும்பி, முகாமிலிருந்து கொண்டுவந்த பையைக் கிளறி, மிச்சமிருந்த குளோரின் குளிசை ஒன்றைக் குடத்துக்குள் போட்டார். செம்பிலிருந்த தண்ணீரையும் அதற்குள்ளேயே ஊற்றினார்.

"அரை மணித்தியாலம் பொறு பிள்ளை," என்றார். "நானும் இதையே குடிக்கிறன்."